சுவிட்சில் இருந்த விரல்

இந்தக் காலத்து ஆட்களிடம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது, எதைக் கேட்டாலும் "ஈசிதான்" என்று சொல்வது. மனை வாங்க வருகிறவன் காரை விட்டு முழுசாக இறங்குவதில்லை. மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. கிணறு வெட்டினால் எத்தனை அடியில் தண்ணீர் என்று கேட்பதில்லை. "வூடு கட்டுறதெல்லாம் இப்ப ஈசி பெரியவரே" என்று எனக்கே சொல்லிவிட்டு, எல்லைக்கு நட்ட மஞ்சள் கல் பக்கத்தில் நின்று செல்லில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். ரேஷன் கடையில் கைரேகை மிஷின் வந்த புதிதிலும் இதே பேச்சுதான். "கட்டை விரல வைங்க, ஈசிதான்." வைத்தேன். துடைத்துவிட்டு வைத்தேன். மிஷின் என்னை ஏற்கவில்லை. முப்பது வருசம் சுண்ணாம்புக் கல் ஏற்றிய விரல், ரேகைக்கு எங்கே போகும்? "என்னாங்க, வெரல்ல ஒன்னுமே இல்ல" என்று கடைக்காரன் என்னைத்தான் முறைத்தான்.

கஷ்டம் என்று உண்மையைச் சொன்ன ஆள் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று. அதுவும் ஒரு பொம்பளைப் பிள்ளை.

நான் செல்லக்கண்ணு. ஊர் விக்கிரமங்கலம் பக்கம். படிப்பு மூன்றாவதோடு சரி. அரியலூர் சுரங்கத்தில் உடம்பு ஓய்ந்த பிறகு, பெரம்பலூர் டவுனைத் தாண்டி அரியலூர் ரோட்டில் மனை போட்ட இடத்துக்குப் பகல் வாட்ச்மேனாக வந்தேன். ஏழு வருசம் ஆகிறது. கேட் ஓரத்துத் தகரக் கொட்டகையில் நானும் என் பொண்டாட்டி சம்பூர்ணமும் இருக்கிறோம். இருபது ஏக்கர் வெட்ட வெளி. ரோடு போட்டுக் கல் நட்டிருக்கிறார்களே தவிர வீடு ஒன்றும் எழும்பவில்லை.

சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பிள்ளை ஸ்கூட்டரில் வந்து இறங்கியது. முப்பது வயது இருக்கும். தனி ஆள். பின்னால் நீளமாக ஒரு பெட்டி. நான் தடியை எடுத்துக்கொண்டு போனேன்.

"யாரும்மா நீ? என்னா பொட்டி அது?"

"ஹெலிகாப்டருங்கய்யா."

"எது?"

"ஹெலிகாப்டர். சின்னது. ரிமோட்ல பறக்கும்."

"காலங்காத்தால நான்தான் கெடச்சனா உனக்கு?"

அவள் சிரிக்கவில்லை. அடையாள அட்டையை எடுத்துக் காட்டினாள். எனக்குப் படிக்க வராது என்று தெரிந்ததும் அவளே சொன்னாள். பேர் பிரவீணா. கரண்ட் ஆபீஸில் ஏ.இ.

"ஏ.இ.ன்னா லைன்மேனுக்கு மேலயா, கீழயா?"

"மேலதாங்கய்யா. ஆனா கம்பத்துல ஏறுறது அவருதான்."

பதில் சரியாக இருந்தது. இருந்தாலும் நான் நகரவில்லை. பெட்டியைத் திறந்தாள். என் கை நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக, வாலும் இறக்கையுமாக ஒரு ஹெலிகாப்டர். அடியில் நாலு பக்கமும் குச்சி நீட்டி, குச்சி முனைக்கு ஒரு பந்து. சாயாமல் இருக்கவாம். காலேஜ் படிக்கும்போது பழகினாளாம். இங்கே மாற்றலாகி வந்த பிறகு விட இடமில்லாமல் இரண்டு வருசம் பரண் மேல் கிடந்ததாம்.

"இதும் ஈசின்னு சொல்லுவியே?" என்றேன்.

"இல்லீங்கய்யா. ரொம்பக் கஷ்டம். ஒரே எடத்துல நிக்க வெக்கறதுக்கே எனக்கு ஆறு மாசம் ஆச்சு. நாலு தரம் ஒடச்சன்."

தடியைக் கீழே வைத்தேன்.

அவள் பத்தடி தள்ளி நின்று ரிமோட்டை எடுத்தாள். இறக்கை மெதுவாகச் சுற்ற ஆரம்பித்து, பிறகு கண்ணுக்கே தெரியாமல் போனது. கோரைப் புல் சுற்றிலும் படுத்தது. பந்துகள் தரையில் கொஞ்சம் நடுங்கின. அடுத்தது, பந்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு வெளிச்சக் கோடு. ஒரு விரல்கடை இருக்கும். நான் பார்த்தேன். நின்ற இடத்திலிருந்து ஒரு பொருள் தரையை விட்டது.

இதை நான் நாற்பத்தைந்து வருசம் முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும்.

அப்போது அரியலூர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு பெரிய தலைவர் ஹெலிகாப்டரில் வந்து இறங்குவதாக ஏற்பாடு. புழுதி கிளம்பக் கூடாது என்று மைதானம் முழுக்கத் தண்ணீர் ஊற்ற எங்கள் தெருவிலிருந்து பதினெட்டுப் பேரைக் கூட்டிப்போனார்கள். தோளில் காவடிக் கம்பு, இரண்டு முனையிலும் தகர டின். பொழுது கிளம்பும் முன்னாடி ஆரம்பித்தது, உச்சி வரைக்கும் ஊற்றினோம். ஹெலிகாப்டர் வரும் நேரம் ஆனதும் ஒரு போலீஸ்காரர் லத்தியை நீட்டி, "தண்ணி ஊத்துனவனுங்கள்லாம் அந்தாண்ட" என்றார். ஊர்ப் பெரிய ஆட்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கயிற்றுக்கு முன்னால். நாங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம். சத்தம் கேட்டது. இறங்கியது தெரியவில்லை. ஏறினதும் தெரியவில்லை. பனை மர உயரத்துக்கு மேலே போன பிறகுதான் அதன் வயிறு தெரிந்தது. புழுதி கொஞ்சமும் கிளம்பவில்லை. அவ்வளவு நன்றாகத் தண்ணீர் ஊற்றியிருந்தோம்.

அதற்கப்புறம் எத்தனையோ ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போயிருக்கிறது. மேலே போவது எனக்குப் பெரிதில்லை. தரையை விடுகிற அந்த நேரத்தைத்தான் எனக்குக் காட்டாமல் விட்டுவிட்டார்கள்.

மூன்று ஞாயிறு பார்த்துக்கொண்டே இருந்தேன். பறக்க விடும்போது அவளால் வேறெங்கும் பார்க்க முடியாது. ஆடு மாடு வந்தால், மனை பார்க்கிறவன் குறுக்கே நடந்தால் நான் சத்தம் போட்டுச் சொல்வேன். குச்சி ஒன்று ஒடிந்தபோது மூங்கிலைப் பிளந்து நாலு பிளாச்சு சீவிக் கொடுத்தேன். அவள் வைத்திருந்ததைவிட நன்றாக வளைந்து கொடுத்தது. நாலாவது ஞாயிறு கேட்டேன்.

"அத எல்லாரும் தொடலாமா, இல்ல படிச்சவங்கதானா?"

"கேப்பீங்கன்னுதான் ரெண்டு ரிமோட்டு எடுத்தாந்தன்" என்றாள்.

சம்பூர்ணம் கொட்டகை வாசலிலிருந்து கத்தினாள். "ஏ தாயி, அந்தாளுக்கு சைக்கிள் பஞ்சரே ஒட்டத் தெரியாது. அதுகிட்டப் போயி ஏரோப்ளேனக் குடுக்கற."

"ஏரோப்ளேன் இல்லடி, ஹெலிகாப்டரு."

"ரெண்டும் மேலருந்துதான் வுழுவும்."

முதலில் லேப்டாப்பில் பழகச் சொன்னாள். படத்தில் ஒரு ஹெலிகாப்டர், கையில் ரிமோட். வால் என் பக்கம் இருக்க வேண்டும், மூக்கு அந்தப் பக்கம். ரிமோட்டில் இரண்டு குச்சி. இடது குச்சி ஏற்ற இறக்க, வாலைத் திருப்ப. வலது குச்சி சாய்க்க. மூக்கு என்னைப் பார்த்துத் திரும்பிவிட்டால் இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். ஆடிக் காற்று முழுக்க வெளியே விட முடியாமல் படத்திலேயே ஓடியது. நூறு ஹெலிகாப்டருக்கு மேல் உடைத்தேன். படத்தில் உடைவதை நான் நம்பவில்லை. படத்தில் நிற்பதையும் நம்பவில்லை.

ஆவணியில் காற்று அடங்கி நிஜத்துக்கு வந்தோம். இரண்டு ரிமோட்டையும் ஒரு வயர் சேர்க்கும். அவள் ரிமோட்டில் விரலுக்கு எட்டுகிற இடத்தில் ஒரு சுவிட்ச். அதை அவள் இழுத்துப் பிடித்திருந்தால் ஹெலிகாப்டர் என் கையில். விட்டுவிட்டால் அவள் கையில். அவள்தான் இடுப்பு உயரத்துக்குக் கிளப்பி நிறுத்துவாள். "இப்ப ஒங்ககிட்ட" என்பாள். நான் இரண்டு எண்ணுவதற்குள் அது எங்கேயோ ஓடும். "எங்கிட்ட" என்று பிடுங்கிக்கொள்வாள்.

"அய்யா, ரொம்பத் தள்றீங்க. ஒரு அரிசி கனம் தள்ளுனாப் போதும்."

"தள்ளலன்னா ஓடுது. தள்ளுனா ரொம்ப ஓடுது. என்னாத்த பண்றது?"

"ஓடறதுக்கு முன்னாடியே தள்ளணும்."

ஓடுவதற்கு முன்னாடி எப்படித் தெரியும் என்று ஒரு வாரம் மண்டை காய்ந்தது. அப்புறம் ஒரு நாள் குழாயிலிருந்து இரண்டு குடம் தூக்கி வரும்போது தெரிந்தது. காவடி சுமக்கும்போது தோள் சும்மா இருக்காது. தண்ணீர் அலம்புவதற்கு முன்னாலேயே தோள் கொஞ்சம் கொடுக்கும், கொஞ்சம் வாங்கும். நிற்கிற மாதிரிதான் தெரியும், ஆனால் நிற்பதில்லை. அடுத்த ஞாயிறு கட்டை விரலைத் தோள் மாதிரி வைத்துக்கொண்டேன். பத்து எண்ணும் வரை நின்றது. பிரவீணா, "அய்யா!" என்று கத்தினாள். நான் உடனே அவள் விரலைப் பார்த்தேன். ஹெலிகாப்டர் கோணிக்கொண்டு போய்விட்டது.

அதுதான் என் சந்தேகம். நின்றதே, அது யாரால் நின்றது? சுவிட்சை அவள் பிடித்திருந்தாளா, விட்டிருந்தாளா? வாட்ச்மேனுக்குச் சந்தோசமாக இருக்கட்டும் என்று விட்டிருப்பாளோ? எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் விரல் குறுக்கே வராமல், என் கையால் அது ஒரு தரம் தரையை விட வேண்டும்.

ஆயுத பூஜை அன்று ஆபீஸ் பூஜைக்குப் போகும் முன்னால் அரை மணி நேரம் விடலாம் என்று வந்தாள். நான் அதற்கு முன்னாலேயே தடி, சைக்கிள், மண்வெட்டி, தண்ணீர் மோட்டார் சுவிட்சு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்திருந்தேன். அவள் ஸ்கூட்டரிலிருந்து பேட்டரி எடுக்கப் போன நேரத்தில் ஹெலிகாப்டர் தனியாகக் கிடந்தது. மற்றதுக்கெல்லாம் ஒரு விரல் சந்தனம். இதுக்கு மூன்று விரல் அள்ளினேன். படித்த பிள்ளை சிரிக்குமோ என்று கூச்சமாக இருந்தது. ஒரு இறக்கையின் அடிப்பக்கத்தில், முனையில், கண்ணுக்குப் படாமல் கெட்டியாக அப்பினேன். சாமியிடம் என்ன கேட்டேன் என்று சொல்லத் தேவையில்லை.

அவள் கிளப்பினாள். இறக்கை வேகம் எடுக்க எடுக்க ஹெலிகாப்டர் சாமி வந்த மாதிரி ஆடியது. மூங்கில் ஒன்று படக்கென்று ஒடிந்தது. சாய்ந்தது. இறக்கை தரையில் அடித்து இரண்டு துண்டாகி, ஒரு துண்டு மஞ்சள் கல்லைத் தாண்டிப் போய் விழுந்தது. அவள் ஓடிப் போய் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். மூக்கில் வைத்து மோந்தாள்.

"இது யாருங்கய்யா வெச்சது?"

"எனக்கு என்னா தெரியும்?"

அவள் என் கையையே பார்த்தாள். மூன்று விரலிலும் சந்தனம் காய்ந்திருந்தது.

"நாந்தான் வெச்சன்" என்றேன். "சாமிக்கு வெக்கிறது தப்பா?"

"தப்பே இல்லீங்கய்யா. எங்க ஆபீசுல டிரான்ஸ்பார்மருக்கே வெப்போம். ஆனா அது சுத்தாது." துண்டை என்னிடம் கொடுத்தாள். "இது சுத்துறது. ரெண்டு றெக்கைலயும் ஒரே கனத்துக்கு வெச்சிருக்கணும்."

எனக்குத் தெரியாததா இது? காவடியில் ஒரு டின்னில் ஒரு செம்பு தண்ணீர் குறைந்தால் நாலு எட்டு வைப்பதற்குள் தோள் சொல்லிவிடும். அரை நாள் ஊற்றினவன் நான். ஆசை வந்தால் தோளுக்குத் தெரிந்தது தலைக்குத் தெரிவதில்லை.

அவள் இனிமேல் வரமாட்டாள் என்று நினைத்தேன். சம்பூர்ணமும், "இருந்த ஒரு வெளாட்டுச் சாமானையும் கும்புட்டே ஒடச்சிட்ட" என்றாள். தீபாவளி கழித்து, மழை விட்ட ஒரு ஞாயிறு, புது இறக்கையோடு வந்தாள். இரண்டையும் ஒரு போல்ட்டில் சேர்த்து மாட்டி, எங்கள் டம்ளர் இரண்டைக் கவிழ்த்து, நடுவில் போல்ட்டைத் தாங்க வைத்தாள். ஒரு பக்கம் தாழ்ந்தது. சுண்டு விரல் நகம் அளவு டேப்பை மற்றப் பக்கம் ஒட்டினாள். இரண்டும் சமமாக நின்றன. நான் மூன்று விரல் சந்தனம் அப்பியிருக்கிறேன்.

கார்த்திகை கடைசியில் லாரியில் கம்பங்கள் வந்து இறங்கின. மனைக்கெல்லாம் கரண்ட் வரப்போகிறது. அளந்து குறி வைக்க வந்தது யார் என்று பார்த்தால், பிரவீணாதான். பின்னால் இரண்டு லைன்மேன். ஆபீஸ் ஆட்கள் முன்னால் என்னைத் தெரியாத மாதிரி இருப்பாள் என்று நினைத்தேன். நேரே என்னிடம் வந்தாள்.

"கம்பி இழுத்துட்டா இங்க விடக் கூடாதுங்கய்யா. நானே கையெழுத்துப் போட்டுட்டு நானே மீறக் கூடாது."

"வேற எடம்?"

"ஏரிலல்லாம் தண்ணி நிக்கிது. நான் தூரமா எங்கயாவது போவன். ஒங்களால கேட்ட வுட்டு வர முடியாதே."

முடியாதுதான்.

"எப்ப கம்பி?"

"வர்ற திங்கக்கெழம."

நடுவில் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு. மார்கழி. பனி விலகி வெயில் வரும் நேரம், காற்று துளியும் இல்லை. கம்பங்கள் கம்பி இல்லாமல் வரிசையாக நின்றன. சம்பூர்ணம் கூட டீ போட்டுவிட்டு வந்து நின்றாள்.

"இன்னிக்கு நான் கெளப்ப மாட்டன். தரையிலருந்தே நீங்கதான்" என்றாள் பிரவீணா.

"அப்ப வயரக் கழட்டிட்டு ஓன் ரிமோட்டையே குடு."

"அது மட்டும் கேக்காதீங்கய்யா. றெக்க பட்டா வெரல் போயிரும். எனக்குச் சொல்லிக் குடுத்தவரு ஒரு வருசம் வரைக்கும் எனக்கே குடுக்கல."

"அப்ப நீ சுவிட்ச விட்டியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சொல்றன்ல. நம்புங்க."

நம்புங்க என்று சொன்னவர்களை எல்லாம் எனக்குத் தெரியும். மைதானத்தில் மறித்த அந்த லத்திக்காரர் கூட, "ஏறும்போது கூப்புடறன், நம்பு" என்றுதான் சொன்னார். ஆனால் வேறு வழி இல்லை. ரிமோட்டை வாங்கினேன்.

இடது குச்சியை ஏற்றினேன். இறக்கை மறைந்தது. புல் படுத்தது. பந்து நடுங்கியது. இன்னும் ஒரு அரிசி கனம். வெளிச்சக் கோடு வந்தது. ஒரு விரல்கடை, ஒரு சாண், ஒரு முழம். அது தரையில் இல்லை. வலது பக்கம் போகப் பார்த்தது, கொஞ்சம் கொடுத்தேன். முன்னால் போகப் பார்த்தது, கொஞ்சம் வாங்கினேன். இடுப்பு உயரத்தில் நின்றது. சம்பூர்ணம் கூடப் பேசவில்லை, அதுதான் பெரிய அதிசயம். பிரவீணாவின் விரலைப் பார்க்க வேண்டும் போல் கழுத்து இழுத்தது. பார்க்கவில்லை. இதைப் பார்த்தால் அதைப் பார்க்க முடியாது. அதைப் பார்த்தால் இது விழும்.

திடீரென்று எங்கிருந்தோ ஒரு சிறு காற்று. ஹெலிகாப்டர் சாய்ந்து கம்பத்துப் பக்கம் ஓடியது. நான் இடது பக்கம் தள்ளினேன். தள்ளினேன் என்றுதான் நினைக்கிறேன். கம்பத்துக்கு ஒரு கை தூரத்தில் அது நிமிர்ந்தது. மெல்லத் திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றது. பேட்டரி தீரும் சத்தம் கேட்டதும் இறக்கினேன். ஒரு குதி குதித்து உட்கார்ந்தது.

"அய்யா! மூணு நிமிசம்! முழுக்க நீங்கதான்!" பிரவீணா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"கம்பத்துப் பக்கம் சாஞ்சிச்சே. அப்ப?"

"அப்பவும் நீங்கதான்."

"ஓன் வெரலு?"

"சுவிட்ச விடவே இல்ல."

"நான் பாக்கலியே."

"பாத்திருந்தீங்கன்னா கீழ வுழுந்திருக்கும்."

சம்பூர்ணத்திடம் திரும்பினேன்.

"ஏ புள்ள, கம்பத்துகிட்டப் போச்சே, அப்ப இந்தப் பொண்ணு வெரலப் பாத்தியா?"

"நான் எதுக்கு இது வெரலப் பாக்கறன்? அது மேல நின்னுச்சு, அதப் பாத்தன்." அவள் கண் ஈரமாக இருந்த மாதிரி இருந்தது. பனியாகவும் இருக்கலாம்.

"எங்கம்மா சத்தியமாங்கய்யா" என்றாள் பிரவீணா.

அம்மா மேல் சத்தியம் செய்யும்போது அவள் கம்பத்தைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. நாளைக்கு எங்கெங்கே கம்பி வரும் என்று பார்த்திருக்கலாம். எதை என்று நான் சொல்ல?

அவள் பெட்டியில் எல்லாவற்றையும் அடுக்கினாள். நான் சீவிக் கொடுத்த மூங்கில் பிளாச்சை மட்டும் கழற்றாமல் அப்படியே வைத்தாள். கேட்டில் ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. மனை பார்க்க வந்தவன். தடியை எடுத்துக்கொண்டேன்.

"அய்யா, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. நம்புறீங்களா இல்லியா?"

"கம்பத்துகிட்டதான்" என்றேன். "அந்த எடம் ஒன்னுதான் இடிக்குது."

"யோவ், அந்தப் புள்ளைய ஒரு வார்த்த நல்லதா சொல்லேன்யா" என்று பின்னால் சம்பூர்ணம் கத்தினாள். கார்க்காரன் மறுபடி ஹாரன் அடித்தான். கேட்டைப் பார்த்து நடந்தேன். கட்டை விரல் இரண்டும் இன்னும் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தன. நல்ல பிள்ளைதான், அதில் சந்தேகம் இல்லை. நல்ல பிள்ளைகள்தான் இந்த மாதிரிப் பொய்யும் சொல்லும்.